இரும்புக்கு ஏங்கும் கிருமியும் கோழித் தடுப்பூசியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோழிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அடிக்கடி காணும் ஒரு காட்சியை முதலில் சொல்கிறேன். நான்கு வாரம் ஆன ஒரு பிராய்லர் கோழி, முந்தின நாள் சாயங்காலம் வரை தீவனம் எடுத்தது, காலையில் செத்துக் கிடக்கிறது. அதை மல்லாக்கப் போட்டு, தோலை நீக்கி, நெஞ்செலும்பைத் தூக்கிப் பார்க்கிறோம். இதயத்தைச் சுற்றியுள்ள உறை மெல்லியதாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கவேண்டும். இங்கே அது தடித்து, மஞ்சள் கலந்த வெள்ளையாக மாறி, இதயத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கல்லீரலின் மேல் அதே நிறத்தில் ஒரு படலம். விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து கையோடு வருகிறது. காற்றுப்பைகள் கலங்கி, அங்கங்கே கெட்டியான மஞ்சள் திட்டுகளோடு இருக்கின்றன. இத்தனையும் பார்த்தபிறகு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருந்தாலும், மனதுக்குள் பெயர் வந்துவிடும்: ஈ.கோலை.

ஈ.கோலை என்ற பாக்டீரியா எல்லாக் கோழியின் குடலிலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி எந்தத் தொந்தரவும் செய்யாமல் அங்கேயே பிழைத்துக்கொள்ளும். ஆனால் சில ரகங்கள் குடலைத் தாண்டிப் போகும் திறமை பெற்றவை. எச்சத்தோடு வெளியேறி, கூளத்தில் காய்ந்து, தூசியோடு தூசியாகக் காற்றில் கலந்து மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. கொட்டகையில் அம்மோனியா ஏறியிருந்தால், அல்லது மூச்சுக்குழாய் அழற்சி வைரஸோ மைக்கோபிளாஸ்மாவோ முன்னாலேயே வந்து அங்குள்ள நுண்மயிர்களைக் கெடுத்திருந்தால், கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. மூச்சுக்குழாயிலிருந்து காற்றுப்பை, காற்றுப்பையிலிருந்து ரத்தம். அதற்கப்புறம் இதயமும் கல்லீரலும் நான் சொன்ன கோலத்துக்கு வர அதிக நேரம் ஆவதில்லை.

வழக்கமாக என்ன செய்கிறோம்? குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கிறோம். நோய் கண்ட கோழிதான் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். நன்றாக இருக்கிற கோழி நிறையக் குடிக்கும். மருந்து போகவேண்டிய இடத்துக்குக் குறைவாகவும், போகவேண்டாத இடத்துக்கு அதிகமாகவும் போகிறது. இப்படியே நடந்து நடந்து, மருந்துக்கு அசையாத ஈ.கோலை உலகமெங்கும் பெருகிவிட்டது. இந்தக் கோழிக் கிருமிகளில் சில, மனிதர்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று உண்டாக்கும் ஈ.கோலைக்கு நெருங்கிய உறவு. அதனால் இது பண்ணைக்காரரின் கவலையோடு முடிந்துபோகிற விஷயமும் இல்லை. நல்ல தடுப்பூசி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எதை வைத்துத் தடுப்பூசி செய்வது என்பதில்தான் இன்னும் முடிவான பதில் கிடைக்கவில்லை. கிருமி இரும்பைப் பிடித்து உள்ளே இழுக்கப் பயன்படுத்தும் புரதங்களைக் குறிவைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும் இரும்பு வேண்டும். மூச்சு விட, டி.என்.ஏ. தயாரிக்க, சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்க, எல்லாவற்றிலும் இரும்பு ஏந்திய நொதிகள் வேலை செய்கின்றன. கோழியின் உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது யார் கையிலும் அகப்படும்படி வைக்கப்படவில்லை. பெரும்பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாகப் பூட்டிக் கிடக்கிறது. கல்லீரலில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பில் இருக்கிறது. ரத்தநீரில் போய்வரும் கொஞ்சத்தையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. பாக்டீரியா பெருகத் தேவைப்படும் அளவில் பல கோடியில் ஒரு பங்குகூட அங்கே பிடிபடாத இரும்பாக இருக்காது. ரத்தத்துக்குள் நுழையும் கிருமி முதலில் சந்திப்பது இந்தப் பட்டினியைத்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையே கோழி முட்டையிலிருந்து வந்தது. 1944-இல் ஷேட், கேரலைன் என்ற இரு ஆய்வாளர்கள், பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் கிருமிகள் ஏன் வளர்வதில்லை என்று ஆராய்ந்தார்கள். வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா, சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், நம் ஈ.கோலை, ஏன் ஈஸ்ட் கூட, எல்லாமே வெள்ளைக்கருவில் அடங்கிப்போயின. பல சத்துப்பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. இரும்பைச் சேர்த்ததும் கிருமிகள் வளர ஆரம்பித்துவிட்டன. வெள்ளைக்கருவில் நஞ்சு எதுவும் இருந்து கிருமியைக் கொல்லவில்லை. இரும்பைக் கொடுக்காமல் வைத்துத்தான் அது கிருமியை அடக்கியிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 1946-இல், அதே வேலையைச் செய்யும் புரதம் மனித ரத்தத்திலும் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அதுதான் டிரான்ஸ்ஃபெரின். வெள்ளைக்கருவில் உள்ளதை ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்கிறோம். வெள்ளைக்கருப் புரதத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அதுதான். கோழியில் ரத்த டிரான்ஸ்ஃபெரினும் முட்டை டிரான்ஸ்ஃபெரினும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. தன் ரத்தத்தைக் காக்கும் அதே புரதத்தைத் தாய்க்கோழி முட்டையிலும் வைத்து அனுப்புகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது வியப்பு தீராத விஷயம்.

தொற்று வந்ததும் கோழி இந்தப் பிடியை இன்னும் இறுக்கும். ரத்தநீரில் இரும்பின் அளவு இறங்கும், ஓவோடிரான்ஸ்ஃபெரின் அளவு ஏறும். இந்த இடத்தில் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலும் மூச்சிரைப்புமாக இருக்கும் கோழிகளைப் பார்த்து, ரத்தம் குறைந்துவிட்டது என்று இரும்பு டானிக் கலந்து கொடுக்கத் தோன்றும். கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அது வேண்டாம். உடம்பு திட்டமிட்டு ஒளித்து வைக்கும் பொருளை நாமே எடுத்து நீட்டியதாகிவிடும். இரும்போ ஹீமோகுளோபினோ கூடுதலாகக் கொடுத்தால் ஈ.கோலைத் தொற்று கடுமையாகிறது என்பது ஆய்வகப் பிராணிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்ட உண்மை.

சரி, இவ்வளவு பட்டினி போட்டும் சில கிருமிகள் எப்படி ரத்தத்தில் பெருகுகின்றன? அவை சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே விடுகின்றன. அவை சுற்றிலும் பரவி, டிரான்ஸ்ஃபெரின் பிடித்து வைத்திருக்கும் இரும்பைப் பறித்துக்கொண்டு திரும்பி வரும். ஈ.கோலையின் முதன்மையான சிடரோஃபோர் என்டெரோபாக்டின். 1970-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. இரும்போடு அதற்குள்ள பிடிப்பு, அறிந்த மூலக்கூறுகளிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஷ்வின், நீலாண்ட்ஸ் என்ற இருவர் 1987-இல் வெளியிட்டது. குரோம் அசூரால் என்ற சாயத்தோடு இரும்பைச் சேர்த்து, அதை அகார் தட்டில் ஊற்றினால் தட்டு முழுக்க நீலமாக இருக்கும். நடுவில் கோழியிலிருந்து எடுத்த ஈ.கோலையை ஒரு புள்ளியாக வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விட்டுவைக்கவேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வட்டம். கிருமி அனுப்பிய சிடரோஃபோர் சாயத்திடமிருந்து இரும்பைக் கழற்றிய இடமெல்லாம் நிறம் மாறியிருக்கும். கிருமிப் புள்ளி சிறியது, வட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. மாணவர்களுக்கு இந்தத் தட்டைக் காட்டிவிட்டால், கிருமி எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்று தனியாக விளக்கவேண்டியதே இல்லை.

கோழியும் சும்மா இருப்பதில்லை. எக்ஸ்-எஃப்.ஏ.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு புரதம் கோழியிடம் உண்டு. அது என்டெரோபாக்டினையே இரும்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்குப் போய்ச் சேரவிடாது. பாலூட்டிகளில் லிப்போகேலின்-2 செய்கிற வேலை இது. சாதாரணக் குடல்வாசி ஈ.கோலை ரத்தத்துக்குள் வந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். நோய் உண்டாக்கும் ரகங்கள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன. என்டெரோபாக்டின்மேல் குளுக்கோஸைக் கோத்து, சால்மோகெலின் என்ற இன்னொரு சிடரோஃபோராக மாற்றிவிடுகின்றன. அந்த உருவத்தை கோழிப் புரதத்தால் பிடிக்கமுடிவதில்லை. அதுவும் போதாதென்று ஏரோபாக்டின் என்ற முற்றிலும் வேறு வகையான சிடரோஃபோரையும் தயாரிக்கின்றன. கோழியும் கிருமியும் மாறி மாறி இப்படி ஒன்றையொன்று மீறிக்கொண்டே வந்திருக்கின்றன. நாம் தடுப்பூசிக்கு இலக்கு தேடவேண்டிய இடமும் இந்தப் போட்டி நடக்கும் இடம்தான்.

இரும்பை ஏந்தி வரும் சிடரோஃபோர் கிருமிக்குள் நுழைய, அதன் வெளிச்சவ்வில் ஏற்பிப் புரதம் ஒன்று இருக்கவேண்டும். ஒவ்வொரு சிடரோஃபோருக்கும் ஏற்பி தனி. என்டெரோபாக்டினுக்கு ஃபெப்-ஏ, சால்மோகெலினுக்கு ஐரோ-என், ஏரோபாக்டினுக்கு ஐயுடி-ஏ. ஹீமோகுளோபினுக்குள் இரும்பைத் தாங்கி நிற்கும் ஹீம் என்ற பகுதியையே நேரடியாக எடுக்க சூ-ஏ என்ற ஏற்பி. இந்தக் குடும்பத்து ஏற்பிகளின் அமைப்பு 1998, 1999-ஆம் ஆண்டுகளில் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு மூலம் தெரியவந்தது. முதலில் ஃபூ-ஏ என்ற இன்னொரு சிடரோஃபோர் ஏற்பி, அடுத்து ஃபெப்-ஏ. 22 புரத இழைகள் வட்டமாக நின்று ஒரு குழாயாகின்றன, குழாயின் உள்ளே அதே புரதத்தின் ஒரு பகுதி அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. குழாயின் மேல்பகுதியில் சில வளைவுகள் கிருமிக்கு வெளியே நீண்டு நிற்கின்றன. சிடரோஃபோர் வந்து உட்காருவது அந்த வளைவுகளில். கிருமியைப் பிடிக்கக் கோழியின் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதம் வந்து ஒட்டக்கூடிய இடமும் அவைதான். உள்ளே இழுக்கத் தேவையான விசையை உள்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் கொடுக்கிறது. ஏற்பிகள் பலவாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் விசை கொடுப்பது இந்த டான்-பி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எந்த ஈ.கோலை கோழிக்கு ஆபத்தானது என்று அடையாளம் காண்பதிலும் இரும்பு வந்து நிற்கிறது. கோல்-வி என்ற பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) உள்ள ஈ.கோலைகள் ரத்தத்தில் நன்றாகப் பிழைக்கின்றன என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்தத் திறமையில் முக்கியப் பங்கு அந்த பிளாஸ்மிட் கொண்டுவரும் இரும்பு வாங்கும் ஏற்பாட்டுக்கு உண்டு என்று 1979-இல் வில்லியம்ஸ் காட்டினார். அது ஏரோபாக்டின். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கோழிநோய் உண்டாக்கும் ஈ.கோலையைச் சாதாரண ஈ.கோலையிலிருந்து பிரித்தறிய ஐந்து மரபணுக்களைப் பார்த்தால் போதும் என்று ஒரு முறையைக் கொடுத்தார்கள். அந்த ஐந்தில் இரண்டு, நான் மேலே சொன்ன ஐயுடி-ஏ, ஐரோ-என் ஏற்பிகளின் மரபணுக்கள். ஏறக்குறைய ஐம்பது லட்சம் எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியில் தேடிப் பொறுக்கிய ஐந்தில் இரண்டு இரும்பு ஏற்பிகள் என்றால், அந்தக் கிருமியின் பிழைப்பில் இரும்புக்கு எவ்வளவு பெரிய இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தடுப்பூசிக்கு வருகிறேன். ஈ.கோலையின் மேற்பரப்பில் நீண்டு நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளை வைத்து அதை ஓ-வகைகளாகப் பிரிக்கிறோம். மொத்தம் 180-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கோழிகளில் ஓ1, ஓ2, ஓ78 அதிகம் காணப்படுகின்றன, ஆனால் அவற்றோடு முடிவதில்லை. ஓ78 கிருமியைக் கொன்று செய்த தடுப்பூசி ஓ78-க்கு எதிராக நன்றாக வேலை செய்யும். அடுத்த மந்தையில் ஓ2 வந்தால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இரும்பு ஏற்பிகளோ ஓ-வகை எதுவானாலும் நோய்க் கிருமிகளுக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கைவிட்டால் கிருமிக்கு இரும்பு இல்லை. எதிர்ப்பொருள் போய் அந்த ஏற்பியில் ஒட்டினால் இரண்டு பலன் கிடைக்கலாம். இரும்பு வரும் வழி அடைபடும், கூடவே கோழியின் ஹெட்டரோஃபில் அணுக்களுக்கு இதை விழுங்கு என்று அடையாளமும் காட்டப்படும்.

இங்கேதான் நம் தடுப்பூசித் தயாரிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பழைய முறையில் கிருமியைச் சத்து நிறைந்த குழம்பில் வளர்ப்பார்கள். எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் இடம் அது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரும்பு ஏராளமாகக் கிடைப்பதால் கிருமிக்குள் ஃபர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் ஏற்பி மரபணுக்களை அணைத்து வைத்துவிடும். ஏற்பிகள் மேற்பரப்பில் அநேகமாக இருக்காது. அந்த நிலையில் கிருமியைக் கொன்று, எண்ணெயில் கலந்து, கோழிக்கு ஊசி போடுகிறோம். கல்யாணக் கோலத்தில் எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டு, நாலு நாள் பட்டினி கிடந்து உருமாறிப் போனவனைச் சந்தைக் கூட்டத்தில் தேடிப் பிடிக்கச் சொல்வது போன்றதுதான் இது.

பரிசோதனைச் சாலையில் இந்த வேறுபாட்டை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரே கிருமியை இரண்டு குடுவைகளில் வளர்க்கவேண்டும். ஒன்று சாதாரணக் குழம்பு. இன்னொன்றில் டைபிரிடில் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து இரும்பைக் கட்டிப்போட்டுவிடவேண்டும். இரண்டாவது குடுவை முதலாவதைவிடக் கலங்குவதற்கு அதிக நேரம் எடுக்கும். பசியோடு வளர்கிறது என்பது அங்கேயே தெரியும். பிறகு இரண்டிலிருந்தும் வெளிச்சவ்வுப் புரதங்களைப் பிரித்து, ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றவேண்டும். கீழே 35 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு) பக்கம் இரண்டு வரிசையும் ஒன்றுபோல இருக்கும். மேலே 70-க்கும் 85-க்கும் இடையில் பார்த்தால் சாதாரணக் குழம்பின் வரிசை வெறிச்சென்று கிடக்கும், பசித்த கிருமியின் வரிசையில் நாலைந்து கோடுகள் தடிமனாக நிற்கும். நோயிலிருந்து பிழைத்த கோழியின் ரத்தநீரை எடுத்து அந்தப் புரதங்களோடு சேர்த்துப் பார்த்தால், அந்த மேல் கோடுகளை அது அடையாளம் காண்கிறது. ரத்தத்துக்குள் கிருமி எந்த முகத்தோடு இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த எண்ணம் புதியதல்ல. பாஸ்தர் 1880 வாக்கில் கோழி காலராக் கிருமியை வீரியம் குறைத்து, ஆய்வகத்தில் உருவான முதல் தடுப்பூசியைக் கொடுத்த காலத்திலிருந்து அந்த நோய் ஆய்வாளர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். 1970-களின் தொடக்கத்தில் ஹெடில்ஸ்டன், ரீபர்ஸ் இருவரும் வினோதமான ஒன்றைக் காட்டினார்கள். கோழி காலராக் கிருமியைக் குழம்பில் வளர்த்துக் கொன்று ஊசி போட்டால் அதே வகைக்கு எதிராகத்தான் பாதுகாப்பு. உயிருள்ள பறவைக்குள் வளர்ந்த கிருமியை எடுத்துக் கொன்று போட்டால், வேறு வகைகளுக்கு எதிராகவும் வான்கோழிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. கிருமி அதேதான், வளர்ந்த இடம் மட்டும் வேறு. பின்னாளில் அந்தக் கிருமியை இரும்புக் குறைவில் வளர்த்தபோது, பறவைக்குள் வளரும்போது தோன்றும் பெரிய வெளிச்சவ்வுப் புரதங்கள் குடுவையிலும் தோன்றின.

ஈ.கோலையில் நேரடியான சான்று 1987-இல் வந்தது. போலின், ஜென்சன் இருவரும் இரும்புக் குறைவில் தோன்றும் வெளிச்சவ்வுப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தயாரித்து, வான்கோழிகளுக்குச் செலுத்தி, பிறகு கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் பெற்ற பறவைகளுக்கு ரத்தத் தொற்றிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. தடுப்பூசியே போடாமல் வெறும் எதிர்ப்பொருளைக் கொடுத்ததால், வேலை செய்தது எது என்பதில் குழப்பம் இல்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை அது.

மற்ற இடங்களிலும் இதே வழியில் வேலை நடந்திருக்கிறது. மனிதர்களின் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலையின் இரும்பு ஏற்பிகளை மூக்கு வழியாகக் கொடுத்து எலிகளைக் காக்கமுடிந்தது என்று 2009-இல் வெளிவந்தது. அந்த ஏற்பிகளில் ஐயுடி-ஏயும் ஒன்று. மாடுகளுக்கு, சிடரோஃபோர் ஏற்பிகளையும் ‘போரின்’ எனப்படும் துளைப் புரதங்களையும் பிரித்தெடுத்துச் செய்த சால்மோனெல்லா தடுப்பூசி அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது. கோழிக் குடலில் வாழ்ந்து மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் விஷயம் சுவையானது. அது பொதுவாகத் தானே சிடரோஃபோர் தயாரிப்பதில்லை. அக்கம்பக்கத்து பாக்டீரியா தயாரித்த என்டெரோபாக்டினை எடுத்துக்கொள்கிறது. அதற்கு வைத்திருக்கும் சி.எஃப்.ஆர்.ஏ. என்ற ஏற்பியை எதிர்ப்பொருளால் மறித்தால், அந்த வழியாக வரும் இரும்பால் கிடைக்கும் வளர்ச்சி குறைகிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இத்தனை சாதகம் இருந்தும் ஏன் இன்னும் எல்லாப் பண்ணையிலும் இந்தத் தடுப்பூசி இல்லை? தடைகள் உண்மையானவை. மேலே சொன்னபடி, கிருமிக்கு ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி. ஏரோபாக்டின் ஏற்பியை மட்டும் அடைத்தால் சால்மோகெலினில் பிழைக்கும். இரண்டையும் அடைத்தால் ஹீமை எடுக்கும். ஒற்றைப் புரதத்தை வைத்துச் செய்யும் தடுப்பூசியில் எனக்கு நம்பிக்கை குறைவு. குறைந்தது இரண்டு மூன்று ஏற்பிகள் சேரவேண்டும். இன்னொரு தடை, சர்க்கரைச் சங்கிலிகள் நீண்டு வளர்ந்து ஏற்பிகளை மறைப்பது. எதிர்ப்பொருள் அவற்றினூடே நுழைந்து போகவேண்டும். மூன்றாவது, தயாரிப்புச் சிக்கல். இந்தப் புரதங்கள் சவ்வுக்குள் குழாயாக நிற்கப் பிறந்தவை. தனியாகப் பெரிய அளவில் தயாரிக்கும்போது மடிப்பு குலைந்துவிடும். குலைந்த புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் ஏராளமாக உண்டாகும், ஆய்வகச் சோதனையில் எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும், உயிருள்ள கிருமியின்மேல் மட்டும் ஒட்டாது.

மனித மருத்துவத்தில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஹீமோகுளோபினிலிருந்து இரும்பை எடுக்கப் பயன்படுத்தும் ஐ.எஸ்.டி.பி. புரதத்தை வைத்து, நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. 2011-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு கிடைக்கவில்லை, தடுப்பூசி போட்டும் அந்தத் தொற்று வந்தவர்களில் இறப்பு கூடுதலாகவும் இருந்தது. கிருமி வேறு, நோயாளிகளின் நிலை வேறு, ஆனாலும் எதிர்ப்பொருள் அளவு உயர்ந்ததைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது என்று அது கற்றுக்கொடுத்தது. கோழியிலும் எதிர்ப்பொருள் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கிருமியைக் கொடுத்து, இதய உறையையும் காற்றுப்பையையும் திறந்து பார்த்து மதிப்பெண் போட்டால்தான் எனக்குச் சான்று.

குடலில் நல்லபடியாக வாழும் ஈ.கோலையையும் இந்தத் தடுப்பூசி விரட்டிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஃபெப்-ஏ எல்லா ஈ.கோலையிலும் இருப்பதால் அதைக் குறிவைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஐயுடி-ஏயும் ஐரோ-என்னும் நோய் ரகங்களிலேயே அதிகம். என் பட்டியலில் அவை இரண்டும் மேலே நிற்பதற்கு இதுவும் காரணம்.

டான்-பியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். கோழிநோய் ஈ.கோலையிலிருந்து டான்-பி மரபணுவையே நீக்கிவிட்டார்கள். விசை இல்லாததால் எந்த ஏற்பியாலும் இரும்பை இழுக்கமுடியவில்லை, கிருமி வீரியம் இழந்தது. அதை உயிருள்ள தடுப்பூசியாகக் கொடுத்தபோது பறவைகளுக்குத் தீங்கில்லை, பாதுகாப்பும் கிடைத்தது என்று 2014-இல் வெளியிட்டார்கள். இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. இரும்பு கிடைக்காத கிருமி, கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஏற்பிகளை மேலும் மேலும் தயாரித்து மேற்பரப்பில் வைக்கும். பசித்த முகத்தை அதுவே எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிவிடும். புரதத்தை மடிக்கும் கவலையும் நமக்கு இல்லை. ஏரோஏ என்ற வேறொரு மரபணுவை நீக்கி வீரியம் குறைத்த ஈ.கோலை உயிர்த் தடுப்பூசி ஏற்கெனவே பல நாடுகளில் ஹேச்சரியிலேயே குஞ்சுகளின்மேல் தெளிக்கப்படுகிறது. அதே தெளிப்பானில் போகக்கூடிய ஒன்றுதான் பிராய்லருக்குக் கட்டுப்படியாகும். ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்குப் போகும் பறவையை ஒவ்வொன்றாகப் பிடித்து இரண்டு ஊசி போட யாராலும் முடியாது.

ஊசித் தடுப்பூசிக்கு ஏற்ற இடம் தாய்க்கோழி. தாய் பெற்ற எதிர்ப்புச் சக்தி மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குப் போகிறது என்று கிளெம்பெரர் 1893-லேயே காட்டிவிட்டார். தாய்க்கோழிப் பண்ணையில் ஒரு பறவைக்கு ஊசி போட்டால் அதன் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் துணை கிடைக்கும். தொப்புள் அழற்சியும் மஞ்சள்கருப் பை அழுகலும் குஞ்சுகளைக் கொல்வது அந்த நாள்களில்தான். எண்ணெய் கலந்த ஊசி, பல ஏற்பிகள் சேர்ந்த கலவை, விலை கொஞ்சம் கூடினாலும் தாய்க்கோழிக்குத் தாங்கும். அந்த எதிர்ப்பொருள் தீரும் நேரத்தில் உயிர்த் தடுப்பூசியின் பலன் குஞ்சிடம் எழுந்து நிற்கவேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த உயிர்த் தடுப்பூசியையே முறித்துவிடுமா என்பதை இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதிக்கவேண்டும். யாராவது இந்தத் துறையில் அடுத்து என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பண்ணை நடத்துகிறவர்களுக்கு: ஈ.கோலை தடுப்பூசி வாங்கும்போது எந்த ஓ-வகை என்று மட்டும் கேட்காமல், கிருமியை எப்படி வளர்த்தீர்கள், இரும்புக் குறைவிலா குழம்பிலா, வேறு வகைக் கிருமியைக் கொடுத்துச் சோதித்தீர்களா, புண் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாத விற்பனையாளர் தன் நிறுவனத்தைக் கேட்டுச் சொல்லட்டும். வாங்குபவர்கள் கேட்க ஆரம்பித்தால் தயாரிப்பவர்கள் குடுவையை மாற்றுவார்கள். அதோடு கூளத்தைக் கிளறிவிட்டு, காற்றோட்டத்தைச் சரிசெய்து, அம்மோனியா மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் நன்றாக இருக்கும் கோழியில் இரும்புக்காக அலையும் கிருமி ரத்தம் வரைக்கும் வருவதே அரிது.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.